குருதி இழந்த காரம்

மனிதனின் குருதி சிறிதளவு காரத்தன்மை உடையது. விஞ்ஞானிகள் கையாளும் பி.எச். அளவுகோலில் ஏழு என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நாடிக் குருதியின் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையிலே நின்றாக வேண்டும். அது 6.8 அளவுக்கு இறங்கினாலும், 7.8 அளவுக்கு ஏறினாலும் உயிர் தரிப்பது அரிது. இத்துணை ஒடுங்கிய வரம்பினுள்ளேயே அரசனும் ஆண்டியும் வாழ்ந்து தீர்க்கின்றனர்.

உடலோ ஓயாது அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. உணவு எரிவதனால் எழும் காபனீரொட்சைட்டு குருதியிற் கரைந்து அமிலமாகிறது. சுவாசப்பை அதனை மூச்சாக வெளியேற்றுகிறது. ஏனைய அமிலங்களைச் சிறுநீரகம் கழிக்கிறது. இவ்விரண்டு வாயில்களுக்கும் இடையே, வந்து சேரும் அமிலத்தைத் தாங்கும் கையிருப்பாக இருகாபனேற்று என்னும் காரப்பொருள் குருதியிலே நிற்கிறது. நம் வீடுகளில் அப்பத்துக்கு இடும் சோடாவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இக்கையிருப்பு பேதியோடு ஒழுகிப் போகலாம். சலரோகம் முற்றியபோது அமிலம் அளவுக்கு மீறி உற்பத்தியாகலாம். சுவாசம் தளர்ந்து அமில வாயு உள்ளேயே தேங்கலாம். இவற்றுக்கு எதிராக, ஓயாத வாந்தியினால் இரைப்பையின் அமிலம் வெளியேறி, குருதியிலே காரம் மிஞ்சியும் போகலாம். இன்று இவை மருத்துவ மாணவனின் ஆரம்ப பாடங்கள். இப்பாடங்களில் இரண்டு, கொலராவினால் மாண்ட ஏழைகளின் படுக்கையருகிலும், மூச்சுத் திணறிய குழந்தைகளின் படுக்கையருகிலும் எழுதப்பட்டவை. அவை எழுதப்பட்ட விதத்தையும், முதலாவது பாடம் எழுதப்பட்ட பின்னரும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிதும் வாசிக்கப்படாமற் கிடந்த விதத்தையுமே நாம் இங்கு சொல்லப் புகுகிறோம்.

1831ஆம் ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகமான சண்டர்லாந்திலே கொலரா இறங்கியது. வங்காளத்திலே 1817இல் பெருகி எழுந்த நோய் பாரசீகம், ருசியா, பால்ரிக் துறைமுகங்கள் எனப் படிப்படியாக நடந்து வந்திருந்தது. நிலக்கரிப் படகோட்டிகளும் கூலிகளும் நெருங்கி வாழ்ந்த சந்துகளிலே காலையில் நலமாயிருந்தவன் மாலையிலே பிணமானான். கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, உடல் நீலம் பாரித்து, குரல் அடங்கி அவன் இறந்தான். வைத்தியர்கள் என்ன செய்தனர்? குருதி தடித்துக் கறுத்து ஓடாமல் நிற்கக் கண்டு, நாளத்தைக் கீறி இருந்த குருதியையும் வடித்தனர். இரசம் கலந்த கலோமல் கொடுத்தனர், அபின் கொடுத்தனர், பேதியாகும் நோயாளிக்கே பேதி மருந்தும் கொடுத்தனர். உடல் நஞ்சைக் கழிக்க முயல்கிறது, அதற்கு உதவுவதே வைத்தியம் என்பது அவர்களிற் பலரது கொள்கை. மருந்தினால் எத்தனை பேர் இறந்தனர், நோயினால் எத்தனை பேர் இறந்தனர் என்று இனி யாராலும் பிரித்தறிய இயலாது.

அயர்லாந்தின் லிமெரிக்கிலே பிறந்து, எடின்பரோவிலே பட்டம் பெற்ற வில்லியம் புரூக் ஓஷானசி என்பவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. இலண்டனிலே தொழில் செய்யும் உரிமம் கிடைக்காத இளைஞன். இரசாயனத்தைத் தொழிலாகக் கொண்டவன். அவன் சண்டர்லாந்துக்குச் சென்று நோயாளரின் குருதியையும் கழிவையும் எடுத்துப் பகுத்துப் பார்த்தான். கண்ட முடிவுகளை அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் 'லான்செற்' இதழுக்கு எழுதினான். குருதி தனது நீரிற் பெரும்பகுதியை இழந்துவிட்டது, உப்புக்களை இழந்துவிட்டது, அதிலே இயல்பாயிருக்கும் காரம் மிகக் குறைந்தோ, முற்றாக இல்லாதோ போய்விட்டது. குருதியிற் குறைந்தவை யாவும் பேதியிலே மிகுந்திருக்கின்றன. இழந்தது எது என்று தெரிந்தபின் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடுகிறதல்லவா? உப்பையும் காரத்தையும் நீரிற் கரைத்து நாளத்தின் வழியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான் அந்த இளைஞன்.

மற்றொருவர் அதனைச் செய்து பார்த்தார். எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்து வைத்தியர் தோமஸ் லாற்றா 1832ஆம் ஆண்டு மே மாதத்திலே, கைவிடப்பட்ட நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் கை நாளத்திலே குழாய் செருகினார். அவர் கையாண்ட கரைசல் மிக எளியது: ஆறு பைந்து நீர், கொஞ்சம் கறியுப்பு, அதனினும் குறைந்த சோடா உப்பு. முதலில் மாற்றம் எதுவும் தோன்றவில்லை. பின்னர் மூச்சு ஆழ்ந்தது, குழிவிழுந்த முகம் நிரம்பியது, மணிக்கட்டிலே நாடி திரும்பியது, பேச்சு வந்தது. அரை மணி நேரத்திலே ஆறு பைந்து உட்சென்றிருந்தது. மூதாட்டி பிழைத்துவிட்டாள் என எண்ணி, வைத்தியசாலைச் சத்திரவைத்தியரின் பொறுப்பில் விட்டு லாற்றா களைப்பாறச் சென்றார். பேதி மீண்டும் பெருகியது. யாரும் மீண்டும் கரைசல் ஏற்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

அந்த ஐந்தரை மணி நேரத்திலேயே இவ்வைத்தியத்தின் வலிமையும் அதற்கு நேர்ந்த கதியும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. ஒழுகும் குடத்திலே ஒருமுறை நீர் வார்த்துவிட்டு அப்பால் செல்லலாகாது. ஒழுகும் அளவுக்கு வார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லாற்றாவுக்கு இது விரைவிலே விளங்கிற்று. பின்வந்த நோயாளர் சிலருக்கு மீண்டும் மீண்டும் கரைசல் ஏற்றிப் பிழைக்கவும் வைத்தார். ஆனால் அவர் 1833இலே இறந்துபோனார். கொள்ளைநோயும் அதற்கு முன்னரே தணிந்திருந்தது. ஏனைய வைத்தியர்கள், சாகும் தறுவாயிலிருந்தோருக்கு மாத்திரமே இதனைச் செய்து பார்த்து, பெரும்பாலோர் இறக்கக் கண்டு, பயனற்றது எனத் தள்ளினர்.

தள்ளியவர்களை மூடர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று இல்லை. கொதிக்க வைக்காத நீரை நாளத்தில் ஏற்றும்போது காற்றும் அழுக்கும் கூடவே சென்றன. அதனால் இறந்தோரும் இருந்திருப்பர். ஆயினும் அதே காலத்திலே நாளத்தைக் கீறிக் குருதி வடிப்பதனால் இறந்தோரைக் கண்டு, குருதி வடிப்பதை யாரும் கைவிடவில்லையே! புதிய முறை ஒவ்வொரு மரணத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பழைய முறையிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. இறந்தோரோ பெரும்பாலும் கணக்குக் கேட்க ஆளில்லாதோர். கொலரா குடிகாரரையும் ஒழுக்கமற்றோரையும் பீடிப்பது என்று பிரசங்க மேடைகளில் முழங்கப்பட்ட காலம் அது. ஏழையின் நோய்க்கு அவனது நடத்தையே காரணமென்று கொண்ட சமுதாயம், அவனது குருதியிலே குறைந்த காரத்தை அளந்து பார்க்க ஏன் அவசரப்படப் போகிறது?

ஓஷானசியின் கதையின் எஞ்சிய பகுதி இன்னும் விந்தையானது. அவன் 1833இலே கிழக்கிந்தியக் கொம்பனியின் வைத்தியனாகக் கொலராவின் தாயகமாகிய வங்காளத்துக்கே சென்றான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே இரசாயனப் பேராசிரியனானான். கஞ்சாவின் மருத்துவக் குணங்களை ஆராய்ந்து பெயர் பெற்றான். ஆனால் கொம்பனி ஆட்சிக்கு அவனிடமிருந்து வேண்டியிருந்தது வேறொன்று. இந்தியாவின் குறுக்கே தந்திக் கம்பிகளை இழுத்துத் தந்ததற்காக 1856இலே அவனுக்குச் 'சேர்' பட்டம் வழங்கப்பட்டது. கொலரா நோயாளரின் நாளங்களை அவன் பின்னர் நாடவில்லை. தந்திக் கம்பி ஆட்சிக்கு உடனே பயன்பட்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குவதற்கும் அது உதவிற்று. சோடா உப்பினால் ஆட்சிக்கு அத்தகைய பயன் ஏதுமில்லை.

இடைப்பட்ட காலத்திலே அமிலத்தைப் பற்றிய அறிவு வேறு பாதையால் வளர்ந்தது. ஜேர்மன் வைத்தியர் குஸ்மௌல் 1874இலே, சலரோகம் முற்றி மயங்கிய நோயாளர் ஆழ்ந்து பெருமூச்சு இழுப்பதைக் குறித்து வைத்தார். மிகையான அமிலத்தை மூச்சின் வழியாகவேனும் வெளியேற்ற உடல் படும் பாடு அது. அந்நோயாளரின் சிறுநீரிலே கரிம அமிலங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 'அமிலேற்றம்' என நாம் தமிழிற் கூறும் நிலைக்கு நௌனின் என்பவர் 1906இலே பெயரிட்டார். இந்நோயாளருக்குக் காரம் கொடுத்துப் பார்த்தனர். பெரும்பாலும் பயன் கிட்டவில்லை. அமிலம் உற்பத்தியாகும் ஊற்று அடைபடாதிருக்கையில் காரம் வார்த்து என்ன பயன்? 1922இலே இன்சுலின் நோயாளரை எட்டிய பின்னரே அந்த ஊற்று அடைபட்டது. அளவுகோல் பிறந்த இடமோ ஒரு மதுவடிசாலை. கொப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்திலே சோரென்சன் 1909இலே பி.எச். அளவை வகுத்தார். ஐரோப்பாவிலே பியர் புளித்துக் கெடாதிருக்க வேண்டுமென்பதிலே முதலாளிகளுக்கு இருந்த அக்கறையின் புண்ணியத்தால் மனித குலத்துக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது!

ஓஷானசி இரசாயனம் கற்பித்த அதே கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, லெனார்ட் றொஜர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் பழைய வழியை மீண்டும் திறந்தார். 1908 முதல், செறிவு கூடிய உப்புக் கரைசலை அவர் நாளத்தில் ஏற்றினார். இழந்த நீரின் அளவைக் குருதியின் அடர்த்தியால் அறிந்து, வேண்டிய அளவு கொடுத்தார். நூற்றுக்கு அறுபது என்ற அளவிலே இருந்த இறப்பு ஏறத்தாழ முப்பதுக்கு இறங்கியது. பிழைத்தோரிற் சிலர் பின்னர் சிறுநீர் அற்று இறந்தனர். இதே வேளையிலே மணிலாவிலே செலார்ட்ஸ் என்னும் அமெரிக்கர் ஓர் எளிய சோதனை செய்திருந்தார். நலமுள்ளவனுக்குச் சிறிது சோடா உப்புக் கொடுத்தாலே அவனது சிறுநீர் காரமாகிவிடும். கொலரா நோயாளிக்கோ அதனைப் போலப் பல மடங்கு கொடுத்தாலும் ஆகாது. உடல் அத்தனையையும் விழுங்கிவிடும். குருதியிலே காரம் எவ்வளவு வற்றிக் கிடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. றொஜர்ஸும் தமது கரைசலுடன் காரத்தைச் சேர்த்தார். இறப்பு மேலும் குறைந்தது. அவர் ஏகாதிபத்தியத்தின் ஊழியர்தாம். அதற்காக அவர் காப்பாற்றிய உயிர்களை நாம் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கிருமி நீக்கிய கரைசலும், ஊசியும், தேர்ந்த வைத்தியரும் கல்கத்தாவின் பெரிய வைத்தியசாலையிலே இருந்தனர். வங்காளத்தின் கிராமத்திலே இம்மூன்றில் ஒன்றும் இருக்கவில்லை. அங்கு மரணம் முன்போலவே நடந்தது.

இனி மற்றொரு வாயிலின் கதைக்கு வருவோம். குடலால் காரம் ஒழுகுவது ஒரு வகை என்றால், சுவாசப்பையால் அமிலம் வெளியேறாது தேங்குவது மற்றொரு வகை. சோரென்சனின் அளவுகோல் பிறந்த கொப்பன்ஹேகன் நகரிலேயே, 1952ஆம் ஆண்டின் கோடையிலே, இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாக மூண்டது. பிளெக்டாம் வைத்தியசாலைக்கு நாள்தோறும் பல பத்து நோயாளர் வந்தனர். நோய் தண்டுவடத்தையும் மூளையின் அடித்தண்டையும் தாக்கியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தன. விழுங்கும் வலியும் அற்றது. பெரும்பாலோர் குழந்தைகள். இருந்தவையோ ஓர் இரும்புச் சுவாசப் பெட்டியும், மார்பைக் கவ்வும் ஆறு கருவிகளுமே. முதல் மூன்று வாரங்களிலே கருவியின் உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

இறந்தோரின் குருதியிலே இருகாபனேற்று மிகுந்திருந்தது. காரம் மிகுந்திருக்கிறது, ஆகவே இது காரேற்றம், நோயின் ஏதோ அறியாத விளைவு என்று வைத்தியர்கள் கொண்டனர். அறிந்த உண்மை ஒன்று, எண்ணத்தவறு ஒன்று: இரண்டும் சேர்ந்து உயிர்களைக் குடித்தன. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மயக்கமருந்து வைத்தியர் பியோர்ன் இப்சன் அதே எண்களை வேறு விதமாகப் படித்தார். சத்திரசிகிச்சையின்போது நோயாளரின் மூச்சைத் தம் கையால் நடத்திப் பழகியவர் அவர். காபனீரொட்சைட்டு வெளியேறாது தேங்கும்போது, சிறுநீரகம் அதனை ஈடுசெய்ய இருகாபனேற்றைத் தேக்கி வைக்கும். ஆகவே மிகுந்து காணப்பட்டது நோயன்று. நோயை எதிர்த்து உடல் எழுப்பிய அரண். நோய் அமிலேற்றமே. பிள்ளைகள் வாதத்தினால் நேரே சாகவில்லை; மூச்சுப் போதாமற் சாகின்றனர் என்றார் அவர்.

ஓகஸ்ட் 27ஆம் நாள், கைகால்கள் நான்கும் விழுந்து, உடல் நீலமாகி, தன் சளியிலேயே மூழ்கிக் கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அவர் தம் கருத்தை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. தொண்டையைத் துளைத்துக் குழாய் வைத்தனர். சிறுமி திமிறினாள்; காற்று உட்செல்லவில்லை. முடிந்தது என எண்ணிப் பார்த்திருந்தோர் அறையை விட்டு நீங்கினர். இப்சன் மயக்க மருந்து கொடுத்து அவளது திமிறலை அடக்கி, இரப்பர்ப் பையை அழுத்தி அழுத்தி ஒட்சிசனை உட்செலுத்தினார். தேங்கிய வாயு வெளியேறியது. உடல் சிவந்து வெம்மை கொண்டது. மீண்டும் மார்புக் கருவியிலே இட்டபோது வாயு தேங்கியது; மீண்டும் கையால் பையை அழுத்தியபோது நீங்கியது. வாதம் அப்படியே இருந்தது. சாவு மாத்திரம் விலகி நின்றது. அச்சிறுமி அதன் பின்னர் ஆண்டுகள் பல வாழ்ந்தாள்.

ஆனால் ஒருவரின் கையைக் கொண்டு ஒரு சிறுமியைக் காக்கலாம். நகரத்துப் பிள்ளைகளை என்ன செய்வது? வைத்தியசாலைத் தலைவர் லாசன் மருத்துவ மாணவரையும் பல்மருத்துவ மாணவரையும் கூப்பிட்டார். ஏறத்தாழ 1500 மாணவர் முறைவைத்துக் கூலி பெற்று வந்து, படுக்கையருகே அமர்ந்து இரவும் பகலும் பையை அழுத்தினர். ஒரே வேளையிலே எழுபது நோயாளர் இவ்வாறு பிறர் கையினால் மூச்சு விட்ட நாட்களும் இருந்தன. பையை ஒரு கையால் அழுத்தியபடியே மறுகையிற் புத்தகம் வைத்துக் குழந்தைக்குக் கதை படித்தவர்கள் அவர்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. உலகெங்கும் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்று வழங்கும் அமைப்பு இந்த மாணவர் வரிசையிலிருந்தே தோன்றியது. அதே வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் தலைவரான போல் ஆஸ்ட்ரப், குருதியின் பி.எச். அளவையும் வாயுவையும் படுக்கையருகிலே விரைந்து அளக்கும் முறையைப் பின்னர் வகுத்தார். எந்தத் தலைப்பிட்டு எண்ணைப் படிப்பது என்ற தவறு மீண்டும் நேராதிருக்க அது உதவியது.

டென்மார்க்கிலே அரசும் மாணவரும் இருந்தனர். வங்காளத்துக் கிராமத்துக்கு அது போன்ற கைகள் எங்கிருந்து வரும்? விடை, ஊசியை விட்டு வாயை நாடுவதிலே இருந்தது. குடல் பேதியால் உப்பை வெளியே தள்ளும்போதும், குளுக்கோசு கூட வந்தால் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது 1960களிலே தெளிவாயிற்று. 1968இலே டாக்காக் கொலரா ஆய்வுகூடத்தில் பணியாற்றிய நலினும் காஷும், குடிக்கும் கரைசலாலேயே கொலரா நோயாளரை மீட்கலாம் எனக் காட்டினர். கல்கத்தாவிலும் அவ்வாறே கண்டனர். பெரிய பரீட்சை 1971இலே வந்தது. கிழக்குப் பாகிஸ்தானின் போரிலிருந்து தப்பி எல்லை கடந்த அகதிகள் பொங்காவோன் முகாமிலே குவிந்திருந்தனர். நாளத்தில் ஏற்றும் கரைசல் தீர்ந்து போயிற்று. நோயாளர் தரையிலே, தம் கழிவின் நடுவிலே கிடந்தனர். திலீப் மகலனாபிஸ் என்ற வங்காள வைத்தியர், ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா எனக் கலந்து பொட்டலமாகக் கட்டுவித்து, பீப்பாய்களிலே கரைத்து வைத்தார். உறவினரே குவளையால் அள்ளிக் கொடுத்தனர். இறப்பு நூற்றுக்கு முப்பது என்ற நிலையிலிருந்து 3.6க்கு இறங்கியது. உப்பு, நீர், சோடா: லாற்றாவின் கரைசலோடு இனிப்பு ஒன்றே புதிதாகச் சேர்ந்தது. அது சேர 139 ஆண்டுகள் சென்றன.

வெப்ப நாடுகளின் ஈரத்திலே சோடாவும் குளுக்கோசும் சேர்ந்து பழுப்பேறிக் கெட்டன. அதனால் 1984 முதல் சோடாவுக்குப் பதில் சித்திரேற்று இடம்பெற்றது. உடல் அதனை இருகாபனேற்றாக மாற்றிக்கொள்கிறது. நம் நாட்டு மருந்தகங்களிலே 'ஜீவனி' என்று கேட்டு வாங்கும் பொதியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதன் விலை குறைவு. இன்று கடைகளிலே 'கார நீர்' என்ற பெயரில் போத்தலில் அடைத்துப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படும் நீரை நாம் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நலமுள்ளவனின் இரைப்பை அமிலமே அந்நீரின் காரத்தை அழித்துவிடும். எஞ்சியதைச் சிறுநீரகம் கழித்துவிடும். வேண்டாதவனுக்குக் காரம் விற்கப்படும் இதே உலகிலே, போர் குடிநீரையும் கழிவகற்றலையும் சிதைத்த யெமன் நாட்டில், 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் கொலரா எனச் சந்தேகிக்கப்பட்டோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது.

பொதியைக்கூட வாங்க இயலாத வீடுகள் உண்டல்லவா? வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரை, ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்குப் பெண் ஊழியரை அனுப்பியது. மூன்று விரல் நுனியால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர்: இதுவே அவர்கள் தாய்மாருக்குக் கற்பித்த கலவை. இதிலே காரம் இல்லை. நீரும் உப்பும் மீண்டு குருதியோட்டம் சீரானால், பெரும்பாலான நோயாளரின் சிறுநீரகமே காரக் கையிருப்பை மெல்ல மீட்டுவிடும். மருத்துவம் தான் இடவேண்டிய மருந்தை உடலையே செய்துகொள்ள விட்டது எனலாம். அவ்வூழியருக்கான கூலியும் புதுவிதமாக வகுக்கப்பட்டது. எத்தனை வீடு சென்றனர் என்பது மாத்திரம் கணக்கன்று. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சில வீடுகளைத் தெரிந்து சென்று, அத்தாய்மாரைக் கலவையைச் செய்து காட்டச் சொல்வார். அவர்கள் நினைவில் வைத்திருந்த அளவுக்கே ஊழியருக்குப் பணம் கிடைத்தது.